இரண்டாவது செல்லம்மா

காணாமல்போன சொந்தக்காரர்களைத் தேடித் தருவதற்காக ஒரு வெப்சைட் செய்து, அந்த வெப்சைட்டுக்குள்ளேயே ஒரு பெண்மணியைக் காணாமலடித்தவன் நான். இந்தச் சாதனையை வேறு யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் ஏதாவது பேசுங்கள் என்று கேட்டபோது, வெற்றிக் கதையாக ஒன்று சொல்லலாமே என்று ஒரு வாரம் யோசித்தேன். அகப்படவில்லை. நான் கட்டியவை பெரும்பாலும் கொடைக்கானல் லாட்ஜ்களின் பக்கங்கள். எல்லாவற்றிலும் அதே ஏரி, அதே படகு, அதே மஞ்சள் சட்டைக்காரர் துடுப்புப் போட்டுக்கொண்டிருப்பார். அதைச் சொன்னால் உங்களுக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை. இதைச் சொன்னால் கொஞ்சம் இருக்கலாம்.

இரண்டாயிரத்து ஏழு என்று நினைவு. கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பில் ஒரு சாக்லேட் கடைக்கு மேலே என் அறை. மலையில் இந்த வேலை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று புரியக் கொஞ்ச நாள் ஆனது. நீங்கள் ஒரு கமாவை விட்டுவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். என் பக்கத்தில் இருந்தது ஒரு கேஸ் ஏஜென்சி காலண்டர். எழுதிய புரோகிராமை அதனிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. சீசன் முடிந்துவிட்டால் என் படியில் ஆள் ஏறுவதே அபூர்வம். மேகம்தான் கேட்காமல் உள்ளே வரும். மானிட்டரில் படிந்த ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டு உட்காருவேன். தப்பித் தவறி யாராவது வந்துவிட்டால் சிரிக்க வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, லேசில் விடமாட்டேன்.

அப்படி ஒரு நாள் வந்தவர் சிஸ்டர். சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு இந்த மலையில் குடியேறிய குடும்பங்களுக்காக ஒரு சின்ன அலுவலகம் நடத்திவந்த கன்னியாஸ்திரி. நான் சொன்ன முதல் ஜோக்குக்கே சிரிக்கவில்லை.

"மண்டபம் கேம்ப்ல எறக்கி, ஆளுக்கொரு தெசையா அனுப்பிட்டாங்க சார். அக்கா இங்க, தங்கச்சி எங்கயோ. முப்பது வருசமாச்சு. இவங்க பேரு, போட்டோ, தகப்பனார் பேரு, எந்தத் தோட்டத்துல இருந்தாங்க, இதையெல்லாம் இன்டர்நெட்ல போட்டா யாராவது பாப்பாங்கல்ல?"

"பாப்பாங்க சிஸ்டர்."

"அப்பச் செய்ங்க."

செய்தேன். ஒரு பெயர்ப் பட்டியல். பெயரை அமுக்கினால் கீழே ஒரு பெட்டி திறந்து, அந்த ஆளின் படமும் விவரமும் தெரியும். பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐடி. அந்த ஐடியை வைத்து ஜாவாஸ்கிரிப்ட் சரியான பெட்டியைப் பிடித்துத் திறக்கும். ஐடியாக அவரவர் பெயரையே இனிஷியலோடு ஆங்கிலத்தில் வைத்தேன். பட்டியலில் இரண்டு செல்லம்மா இருந்தார்கள். பூம்பாறையில் பூண்டு வயலில் வேலை செய்கிற கே. செல்லம்மா, அப்பா கருப்பையா. பெரும்பாறைக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற எம். செல்லம்மா, அப்பா முத்தையா. getElementById என்கிற பழைய முறையில் எழுதியிருந்தேன். கேயை அமுக்கினால் கே, எம்மை அமுக்கினால் எம். பிசகே இல்லை.

அது அப்படியே இருந்திருக்கலாம். நாலு மாதம் கழித்து, லைப்ரரி என்கிற ரெடிமேட் புரோகிராம் தொகுப்பு ஒன்று புதிதாக வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பத்து வரியில் எழுதுவதை ஒரே வரியில் எழுதலாம். யாரும் கேட்காமலே, தனியாக உட்கார்ந்திருந்த சலிப்பில், முழுப் பக்கத்தையும் அதற்கு மாற்றினேன். மாற்றி முடித்தால் எந்தப் பெயரை அமுக்கினாலும் எதுவும் திறக்கவில்லை.

காரணம் புள்ளி. அந்த லைப்ரரியில் ஒரு பெட்டியைத் தேடும்போது பெயருக்கு நடுவில் புள்ளி வந்தால், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வேறொரு அடையாளம் என்று எடுத்துக்கொள்ளும். 'எம்' என்ற பெட்டியைத் தேடிவிட்டு, இல்லை என்று பேசாமல் இருந்துவிடும். நம் ஆட்களின் பெயரில் இனிஷியலும் புள்ளியும் இல்லாமல் இருக்குமா? புள்ளிக்கு முன்னால் இரண்டு கோடு சாய்த்துப் போட்டால் போதும் என்பது பின்னால் தெரிந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள அன்றைக்குக் காலண்டர்தான் இருந்தது. எனக்குத் தோன்றிய வழி வேறு. எல்லா ஐடியிலிருந்தும் இனிஷியலை வெட்டி எறிந்தேன். இரண்டு நிமிஷ வேலை.

இனிஷியல் என்றால் நமக்கு அப்பா. ஒரு செல்லம்மாவுக்கும் இன்னொரு செல்லம்மாவுக்கும் நடுவில் இருந்த ஒரே வித்தியாசம் அவர்தான். அத்தனை பேருடைய அப்பாவையும் இரண்டு நிமிஷத்தில் தூக்கிவிட்டு, டீ குடிக்கப் போனேன். போவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்காமல் இல்லை. பட்டியலின் முதல் பெயரை அமுக்கினேன், திறந்தது. கடைசிப் பெயரை அமுக்கினேன், திறந்தது. நடுவில் இருப்பவர்கள் நம்ம ஆட்கள்தானே, திறந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரே ஐடியில் இரண்டு பெட்டி இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் இருப்பது எழுந்து வரும். பின்னால் நிற்பதை அது திரும்பிக்கூடப் பார்க்காது. பக்கத்தின் மேலே எம். செல்லம்மா என்ற பெயர் இருந்தது. அமுக்கினால் கே. செல்லம்மாவின் முகம் திறந்தது. சிவப்பு எழுத்தில் ஓர் எரர் வந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். எரர் வந்தால் முகம் சுளிக்காதீர்கள். நம்மோடு பேச ஒருத்தர் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாறை செல்லம்மாக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெரியாஸ்பத்திரியில் சுகர் மாத்திரை வாங்க மேலே வருவார். வந்தால் என் படியேறாமல் போகமாட்டார்.

"என்னா தம்பி, ஏதும் வந்துச்சா?"

"ஒங்க தங்கச்சி இன்னும் கம்ப்யூட்டர் படிச்சு முடிக்கல போலக்கா."

"அவ எங்க படிக்கிறது? லயத்து வீட்டுலருந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனா, பாதி வழியில கொழுந்துச் சாக்குக்குள்ள ஒளிஞ்சுக்குவா."

தங்கச்சியின் பெயர் பாக்கியம். திருப்பி அனுப்பியபோது குடும்பத்துக்கு ஒரு கார்டு கொடுத்திருந்தார்கள். செல்லம்மாக்கா கல்யாணமாகிப் புருஷன் குடும்பத்துக் கார்டில் வந்தவர். பாக்கியம் அப்பாவோடு இன்னொரு கார்டில். மண்டபத்தில் இறங்கிய பிறகு இரண்டு கார்டும் இரண்டு பக்கம் போய்விட்டன. "ரயிலு ஜன்னல்ல கைய நீட்டுனா. நான் புடிக்கப் போறதுக்குள்ள நகந்துருச்சு" என்று ஒரு தடவை சொன்னார். புருஷன் போய்ப் பல வருஷமாகிறது, பிள்ளை இல்லை. என் அறையில் டீ குடித்து, நான் சொல்கிற லாட்ஜ் கதைகளுக்குச் சிரித்து, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் இறங்கிப் போவார். அவர் போனபிறகு அறை ரொம்பப் பெரிதாகத் தெரியும்.

அந்தப் பிப்ரவரியில் ஒரு மெயில் வந்தது. கோத்தகிரியிலிருந்து ஒரு காலேஜ் பெண் எழுதியிருந்தாள். அவளுடைய அம்மாவின் அக்கா பெயர் செல்லம்மா. தாத்தா பெயர் முத்தையா. எங்கள் பக்கத்தில் எம். செல்லம்மா என்ற பெயரைப் பார்த்துவிட்டு, அம்மாவை பிரௌசிங் சென்டருக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். திறந்தால் தகப்பனார் கருப்பையா என்று இருந்ததாம். அம்மா ரொம்ப நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, 'எங்கக்கா இல்ல' என்று எழுந்துவிட்டாராம். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. அப்பா கருப்பையா என்றால் பெயருக்கு முன்னால் எம் என்று ஏன் போட்டீர்கள்?

அந்தப் பெண் இந்தத் தொழிலுக்கு வந்திருக்க வேண்டியவள். பிழை இருந்த இடத்தில் நேராக விரலை வைத்துவிட்டாள். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அந்தப் பெயரை ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பது. செய்யவில்லை; முத்தையா என்ற பெயரைக்கூட நிறுத்திப் படிக்கவில்லை. 'டைப்பிங் மிஸ்டேக், மன்னிக்கவும். சரியான செல்லம்மா சீக்கிரம் கிடைக்க வாழ்த்துகள்' என்று பதில் போட்டேன். எழுதி முடித்ததும், எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறேன் என்று நானே ஒரு தடவை படித்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் செல்லம்மாக்கா வந்தார். ஏதும் வந்துச்சா என்று கேட்டார். இல்லையே என்றேன்.

அடுத்த ஜனவரியில், பூம்பாறை செல்லம்மாவின் மகன் படியேறி வந்தார். டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவர்.

"சார், எங்க மாமா கெடச்சுட்டாரு. ஒங்க கம்ப்யூட்டர்ல இல்ல, ஒரு கல்யாண வீட்ல. பந்தியில எங்கம்மாவுக்கு அடுத்த எலையில உக்காந்து அப்பளம் கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு."

"அந்தப் பந்தியில எனக்கும் ஒரு எலை போட்டிருக்கலாம்ல."

"அடுத்த கல்யாணத்துக்குப் போட்ருவோம். அம்மா போட்டோவ எடுத்துருங்க சார். நாங்கதான் தேடி முடிச்சிட்டோம்ல."

எடுத்தேன். பெயரும் போனது, பெட்டியும் போனது. போய்விட்டதா என்று பார்க்க அவரே எட்டி மௌஸைப் பிடித்து, மிச்சமிருந்த செல்லம்மாவை அமுக்கினார். பெரும்பாறை செல்லம்மாக்கா திறந்தார். இடுப்பில் சாக்கு, வெயிலுக்குச் சுருக்கிய கண்.

"இது யாரு சார்?"

"பெரும்பாறைக்காரங்க. அவங்களும் செல்லம்மாதான்."

"நேத்து நான் ரெண்டையும் அமுக்கிப் பாத்தேனே. ரெண்டுலயும் எங்கம்மால்ல வந்துச்சு? சார் நம்ம அம்மாவுக்கு டபுள் ரூம் போட்டுக் குடுத்திருக்காரேன்னு நெனச்சேன்."

அவர் சிரித்தார். நானும் கூடவே சிரிக்கத் தொடங்கினேன். கோத்தகிரி மெயில் ஞாபகத்துக்கு வந்தது. அவர் படியிறங்கும் சத்தம் தேயும்வரை காத்திருந்து, அதைத் தேடி எடுத்துப் படித்தேன். முத்தையா. தோட்டத்தின் பெயர்கூட இருந்தது. அதே தோட்டம்.

திருத்துவதற்குக் கால் மணி நேரம் ஆனது. பெயரை விட்டுவிட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் போட்டேன். ராமாயி இரண்டு பேர், காளியம்மா மூன்று பேர், எல்லோரும் வெளியே வந்தார்கள். இதற்கு மேல்தான் என் புத்தி தன் வேலையைக் காட்டியது. கோத்தகிரிக்கு இன்னொரு மெயில் போடுவோம். நல்ல பதில் வந்தால் செல்லம்மாக்காவிடம் சந்தோஷமாகச் சொல்வோம். வராவிட்டால், தெரியாததால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மெயிலைப் போட்டுவிட்டு, இந்த ஏற்பாட்டுக்கு ஒரு ஆசீர்வாதம் வாங்கலாம் என்று சிஸ்டருக்கு போன் செய்தேன்.

"சிஸ்டர், ஒரு சின்னப் பிரச்சினை."

"நீங்க சின்னதுன்னா பெருசாத்தான் இருக்கும். சொல்லுங்க."

சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று ஹலோ சொன்னேன்.

"இருக்கேன். பதில் வரலன்னா அவங்ககிட்டச் சொல்ல மாட்டீங்க. அதானே?"

"எதுக்கு சிஸ்டர் அவங்களையும் போட்டு..."

"அது அவங்களுக்கு வந்த மெயிலு சார். உங்களுக்கு வந்ததுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. காலைல வெள்ளனே பஸ் இருக்கு. போன்ல வேண்டாம், நீங்களே போயிட்டு வாங்க."

போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். எங்கே ஆரம்பித்தாலும் நடுவில் ஒரு ஜோக் வந்து உட்கார்ந்துகொண்டது. தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கிற நேரம். செடிகளுக்கு ஊடே நுழைந்ததும் எங்கிருந்தோ கங்காணியின் குரல்: "ஏலே, யார்றா அது சோலி நேரத்துல?" சத்தத்துக்கு நிமிர்ந்த தலைகளில் ஒன்று செல்லம்மாக்கா.

"என்னா தம்பி, இம்புட்டுத் தூரம்? சிஸ்டருக்கு ஒண்ணும் இல்லையே?"

"சிஸ்டர் நல்லா இருக்காங்க. ஒங்க தங்கச்சி கம்ப்யூட்டர்ல வந்து பாத்திருக்காங்கக்கா. போன பிப்ரவரியிலயே. என் தப்பால வேற ஒருத்தவங்க படம் காட்டிருச்சு. இது எங்கக்கா இல்லன்னு போயிட்டாங்க."

கையில் இருந்த பழங்களைச் சாக்குக்குள் போட்டார்.

"அவதானா?"

"அப்பா பேரு முத்தையா. தோட்டமும் நீங்க சொன்னதுதான்."

"உசுரோட இருக்காளா?"

"அப்ப இருந்தாங்க. நேத்து எழுதியிருக்கேன். இன்னும் பதில் வரல."

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "முப்பது வருசத்துல பதினோரு மாசம் என்னக்கா, ஒரு..." என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மிச்சத்தை விழுங்கினேன்.

"வேல கெடக்கு தம்பி. வெரசா போனீன்னா வந்த பஸ்ஸையே புடிச்சிரலாம்."

அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டார். திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். கிளை அசைவது மட்டும் தெரிந்தது.

பதில் ஒன்பது நாள் வரவில்லை. லாட்ஜ்காரர்கள் கூப்பிட்டார்கள், ரேட் மாற்ற வேண்டும் என்றார்கள், மாற்றினேன். மிச்ச நேரமெல்லாம் மெயில் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது நாளில் ஒருத்தர்கூடப் படியேறவில்லை. எனக்கு ஒன்பது நாள். செல்லம்மாக்காவுக்கு முப்பது வருஷம் இப்படித்தான் இருந்திருக்கும் என்ற நினைப்பு, ஏரிப் படத்தை லாட்ஜ் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது வந்தது. படத்தைக் கோணலாக ஒட்டிவிட்டேன்.

பத்தாம் நாள் கோத்தகிரிப் பெண் எழுதினாள். காலேஜ் முடித்துவிட்டதால் மெயில் பார்ப்பதே அபூர்வமாம். ஒரு போன் நம்பர், அதற்குக் கீழே 'அம்மா இருக்கிறார்' என்று இரண்டே வார்த்தை.

சிஸ்டரின் அலுவலகத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். செல்லம்மாக்கா ரிசீவரைத் தொடாமல் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"யாரு?" என்றது போன்.

"நாந்தாண்டி."

"நாந்தான்னா?"

"முத்தையா மக. மூத்தவ."

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது.

"அடியே, அழுவுறதுக்கா போன் போட்டுக் குடுத்திருக்காங்க? பேசுடி."

"நீ இல்லன்னு முடிவு பண்ணிட்டேன்க்கா. அந்தக் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு வந்து, இனி எங்க இருக்கப் போறான்னு... ஆடி அமாவாசைக்கு ஒனக்குப் படையல் போட்டேன்."

"எனக்கா? என்னா வச்ச?"

"ரொட்டியும் தேங்காச் சம்பலும்."

"கொச்சிக்காய அரச்சியா, இடிச்சியா?"

கொச்சிக்காய் என்றால் அவர்கள் தோட்டத்துப் பேச்சில் மிளகாய்.

"இடிச்சேன்."

"அப்பச் சரி" என்றார் செல்லம்மாக்கா. சிஸ்டர் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

வெளியே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் செல்லம்மாக்காவோடு நடந்தேன். ஜோக் எதுவும் வரவில்லை. மன்னிச்சிருங்கக்கா என்றேன். மன்னிப்பை அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் தொழில்காரன் இல்லையா, விளக்கினேன். புள்ளி, இனிஷியல், ஐடி, முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி, எல்லாவற்றையும். பஸ் வரும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னார்:

"அதெல்லாம் எனக்கு வெளங்காது தம்பி. ரெண்டு வருசமா ஒன் ரூமுக்கு வந்தேன். ஒரு நாளாவது அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிய எம் பக்கம் திருப்புனியா? திருப்பியிருந்தா, அது நான் இல்லன்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன்ல."